‘ம்’ கொட்டியவர்கள்: யாழ்ப்பாணத்துப் போர் நாவல்களில் தனிமையும் ஏக்கமும்

போர் நாவல் ஒன்றின் வெளியீட்டு விழாவுக்குப் போனால் இரண்டு சொற்களைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. தனிமை ஒன்று, ஏக்கம் மற்றது. “நாவல் முழுக்க ஒரு தனிமை பரவிக் கிடக்குது” என்று பேச்சாளர் சொல்லுவார், சபை தலையாட்டும். நானும் மேடையில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தனிமை எங்கே இருந்து வந்தது, எதற்குச் சம்மதித்த பிறகு அந்த மனிதர் தனித்துப் போனார் என்ற கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் சபைக்குச் சங்கடம். கேட்கிற ஆளுக்கும் சங்கடந்தான்.

யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட சில நாவல்களை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்தேன். எல்லாவற்றையும் அல்ல. வன்னியின் கடைசிக் காலத்தைச் சொல்லும் நாவல்கள் தனியாகப் பேசப்பட வேண்டியவை, அவற்றை இங்கே இழுக்கவில்லை. வாசித்தவன் சோனகத் தெருவில் பிறந்து, பதினாலு வயதுக்குப் பிறகு புத்தளத்தில் வளர்ந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமர்சகனுக்கு ஊர் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது.

ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) நாவலில் இருந்து தொடங்குவதுதான் சரி. அந்தத் தலைப்பு எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மூத்தம்மா கதை சொன்னால் நாங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், “என்ன, நித்திரையாப் போனியளோ?” என்று கேட்பா. கதையை நடத்துவது சொல்லுகிறவர் மட்டுமல்ல, கேட்கிறவரின் ‘ம்’முந்தான். அரசியலிலும் அப்படித்தான் நடந்தது. மேடையில் ஒருவர் சொன்னார், சந்தியில் ஒருவர் சுட்டார், சனம் ‘ம்’ என்றது.

நாவலின் நேசகுமாரன் 1983 வெலிக்கடையில் இருந்தவன். அந்த யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் அங்கே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தப்பி வந்த ஒருவனின் வாயால் கேட்கும்போது எந்த வாசகருக்கும் நெஞ்சு இளகும். அவன் சித்திரவதையில் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவன் என்பது தெரிந்தபோதும் நாங்கள் இரங்குகிறோம். அந்த அடியில் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? பிறகு ஐரோப்பா, அகதி வாழ்க்கை, குடும்பம், பருவ வயது மகள் நிறமி. அவள் கர்ப்பமாகிறாள், காரணமானவன் தகப்பன். இந்த இடத்தில் நாவலை மூடிவைத்தவர்கள் உண்டு, ஆசிரியரைத் திட்டியவர்களும் உண்டு. ஈழப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்த இதை வைத்தார் என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அத்தனை பக்கங்கள் அவனுடைய துயரத்துக்கு ‘ம்’ கொட்டிப் பழகிய வாய், அவனுடைய குற்றத்தின் முன்னாலும் பழக்கத்தில் ‘ம்’ கொட்டத் தயாராகிறது. அதைக் கண்டு நாங்கள் திடுக்கிட வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பகுதி இருக்கிறது. பட்ட அடி அடித்த கைக்கு நியாயம் ஆகாது என்பதை அந்த நாவல் சொல்லிக் காட்டவில்லை, எங்களை மாட்டிவைத்துக் காட்டியது.

அதற்கு மூன்று வருடம் முந்திய ‘கொரில்லா’வைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. தீவுப் பகுதிக் கிராமத்துச் சண்டியனின் மகன், தகப்பனின் பட்டப்பெயரில் இருந்து தப்ப இயக்கத்துக்குப் போகிறான், பட்டப்பெயர் பின்னாலேயே வருகிறது. நான் ஒன்றை மட்டும் குறிக்கிறேன். அந்த நாவல் பிரான்சில் கொடுக்கப்படும் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தில் தொடங்குகிறது. அகதி விண்ணப்பம் எழுதியவர்களுக்கு, எழுதிக் கொடுத்தவர்களுக்கும் தெரியும், அதில் நீங்கள் பாதிக்கப்பட்டவராக மட்டுமே இருக்க முடியும். நீங்கள் செய்தது எதுவும் அதில் வரக் கூடாது, வந்தால் கோப்பு மூடப்படும். தன் பாதிக் கதையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சப் பாதியோடு வாழ வேண்டிய ஒருவரின் தனிமை, ஊரைப் பிரிந்த தனிமையை விடக் கொடியது. புலம்பெயர்ந்தவர்களின் எழுத்தில் ஊர் ஏக்கம் என்று நாங்கள் பாராட்டுகிற பல பக்கங்களுக்குக் கீழே இந்த வெட்டப்பட்ட பாதிதான் கிடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வந்த ‘புதியதோர் உலகம்’. புளொட் இயக்கத்தில் இருந்து வெளியேறிய தீப்பொறிக் குழுவினர் வெளிக்கொண்டு வந்தது. கலையாகப் பார்த்தால் அதில் குறைகள் நிறைய. பாத்திரங்கள் சில இடங்களில் அறிக்கை வாசிப்பதுபோலக் கதைக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டு முகாமில் பக்கத்தில் படுத்திருக்கிறவனிடமும் மனதைச் சொல்ல முடியாத நிலையை, விடுதலைக்கு என்று போன இடத்தில் தோழனையே வதைப்பதைக் கண்டு வாய் திறக்க முடியாத நிலையை, வேறு யாரும் எழுதத் துணியாத நேரத்தில் அது எழுதியது. ஆயிரம் பேர் ஒன்றாக இருக்கிற இடத்தின் தனிமை அது.

அண்மையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2023இல் வெளிவந்து, அடுத்த வருடம் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. ஆசிரியர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். பரிசு பெற்ற ஆங்கில நாவல் என்றதும் எங்களில் பலர் முகத்தைச் சுழிப்பார்கள், வெளிநாட்டாருக்குப் போரை விற்கிறது என்பார்கள். சில நாவல்களுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது.

சசி என்ற பெண் கதை சொல்கிறாள். யாழ்ப்பாணம், 1981. டொக்டராக வர ஆசைப்படுகிற பள்ளி மாணவி. கொதிதண்ணி கொட்டி உடம்பு வெந்துபோகிறது, தெருவால் சைக்கிளில் வந்த அயல் பெடியன் ஓடிவந்து முட்டையை உடைத்து ஊற்றுகிறான். அவனுக்கு ‘கே’ என்ற ஓரெழுத்துத்தான் பெயர். அன்றைக்குப் பிடித்த அன்பு நாவல் முடியும்வரை அவளை விடுவதில்லை. 1983 யூலையில் கொழும்பில் மூத்த அண்ணன் கொல்லப்படுகிறான். மற்ற இரண்டு அண்ணன்மாரும் கேயும் புலிகளோடு போகிறார்கள். மருத்துவ மாணவியாகிவிட்ட சசியிடம் கே வந்து கேட்கிறான்: காயப்பட்ட பெடியளைப் பார்க்க ஆள் வேண்டும், வருவாயா?

அவள் போகிறாள். ஏன் போனாள் என்பதுதான் நாவல். காயத்துக்கு மருந்து கட்டுவது வைத்தியரின் கடமை, அது ஒன்று. தன் அண்ணன்மாரும் ஒருநாள் இப்படி வந்து கிடக்கலாம், அது இன்னொன்று. கேயின் கிட்ட இருக்கலாம். இந்த மூன்றாவதை அவள் மெதுவாகத்தான் ஒத்துக்கொள்கிறாள். ஏக்கம் எப்படி ஒருவரை இணங்க வைக்கிறது என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன எழுத்து எங்கள் போர் இலக்கியத்தில் குறைவு. நாங்கள் ஏக்கத்தை எப்போதும் ஒரு தூய பொருளாக வைத்துப் பேசுகிறோம், பால் மாதிரி. இந்த நாவலில் அது அப்படி இல்லை. தான் மருந்து கட்டி அனுப்பிய கை அடுத்த கிழமை மாற்று இயக்கப் பெடியனைச் சுடலாம் என்று சசிக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கட்டுகிறாள்.

நல்லூர் வீதியில் கே சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கும் பகுதி வருகிறது. 1987 செப்டெம்பர் 15இல் தொடங்கி 26இல் முடிந்த திலீபனின் உண்ணாவிரதத்தை நினைவில் வைத்திருக்கிற யாருக்கும் அந்தப் பக்கங்களை இலேசாகத் தாண்ட முடியாது. அந்த நாட்களில் நானும் வாப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு நல்லூருக்குப் போய் வந்தவன். சோனகத் தெருவில் இருந்தும் சனம் போனது. நாவலில் கே தன் அருகில் சசி இருக்க வேண்டும் என்று கேட்கிறான், அவள் இருக்கிறாள். உயிரைக் காப்பாற்றப் படித்தவள் ஒரு சாவுக்குச் சாட்சியாக, கிட்டத்தட்ட அலங்காரமாக, மேடையில் இருத்தப்படுகிறாள். சுற்றி ஆயிரக்கணக்கில் சனம். அந்தக் கூட்டத்துக்குள் அவளைப் போலத் தனித்தவள் இல்லை. அந்தத் தனிமையை அவளுக்கு விதி கொடுக்கவில்லை. சின்னச் சின்னச் சம்மதங்களாக அவளே கட்டியது அது. நாவலாசிரியர் அவளை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அவள் அடிக்கடி வாசகரைப் பார்த்து ‘நீங்கள்’ என்று பேசுகிறாள், நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்ற தொனியில். அங்கே ‘ம்’ கொட்டித் தப்ப முடியாது.

சசியின் உடற்கூற்றியல் ஆசிரியை அஞ்சலி, ராஜினி திராணகமவின் சாயலில் வார்க்கப்பட்டவர் என்பது வெளிப்படை. யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் ராஜினி 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். மூன்று சகாக்களோடு அவர் எழுதிய ‘முறிந்த பனை’ அவருடைய மரணத்துக்குப் பிறகே அச்சில் வந்தது. ‘ம்’ சொல்ல மறுத்தவர்களின் கணக்கும் எங்களிடம் இருக்கிறது, அது சின்னக் கணக்கு என்றாலும்.

அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’ (2021) புக்கர் குறும்பட்டியல்வரை போனது. கொழும்பில் இருக்கும் கிருஷன், அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண்ணின் செத்தவீட்டுக்காக வடக்கே ரயிலில் போகிறான். ராணி போரில் இரண்டு மகன்மாரை இழந்தவள். அழகான, நீளமான வாக்கியங்கள். பிரிந்துபோன காதலி பற்றிய ஏக்கமும் நிறைய உண்டு. ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொன்னால், அது பார்வையாளனின் தனிமை. மற்றவர்கள் செத்தபோது தான் பத்திரமாக இருந்துவிட்டேனே என்ற குற்ற உணர்வு அவனை அரிக்கிறது, அது உண்மையானது. எதற்கும் சம்மதிக்கவோ மறுக்கவோ வேண்டிய இடத்தில் அவன் ஒருநாளும் நிற்கவில்லை. அதனால் அந்த உணர்வு இசையாக மாறிவிடுகிறது. ராணியின் தனிமைதான் எனக்குக் கனத்தது. அவளை நாவல் தூரத்தில் நின்றுதான் பார்க்கிறது.

இனி என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். ‘புதியதோர் உலகம்’ 1985இல் முடிந்த புத்தகம். ‘கொரில்லா’வின் இயக்க அனுபவம் எண்பதுகளுக்குரியது. ‘ம்’மின் நடு ஆணி 1983. ‘பிரதர்லெஸ் நைட்’டின் யாழ்ப்பாணக் கதை 1989ஓடு நின்று, பிறகு 2009க்குத் தாவுகிறது. ஒவ்வொன்றுக்கும் தன் நியாயம் உண்டு. எந்த நாவலும் எல்லா வருடத்தையும் எழுதக் கடமைப்பட்டதல்ல. என்றாலும் சோனகத் தெருக்காரன் ஒருவன் இவற்றை வரிசையாக வாசிக்கும்போது, மணிக்கூடு தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவதை உணராமல் இருக்க முடியாது.

1990 ஒக்டோபர் 30. புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாள். அந்த மாதத்துக்குள் வடமாகாணத்தில் இருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இது வரலாறு. கவிதைகள் வந்தன, கட்டுரைகள் வந்தன, 2011இல் பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. நான் கேட்பது வெளியேற்றப்பட்டவர்களின் நாவலை அல்ல. அதை நாங்கள் எழுத வேண்டும், அது எங்கள் பொறுப்பு. வேலிக்கு அங்கால் நின்று பார்த்தவர்களின் நாவலைக் கேட்கிறேன்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தமிழ் ரீச்சர் இருந்தா. ராத்தாவுக்குத் தையல் பழக்கினது அவதான். அன்றைக்கு உம்மா தன்னுடைய தையல் மெசினை அவவின் விறாந்தையில் கொண்டுபோய் வைத்து, “ரீச்சர், இது அமானிதம்” என்றா. ரீச்சர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா. அழுதாவா என்று எனக்கு ஞாபகம் இல்லை. “ம்” என்றா. அவ்வளவுதான். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? துவக்கோடு நிற்கிற பெடியளிடம் போய்க் கேட்டிருக்கலாமா? அவவின் இடத்தில் என் உம்மா இருந்தால் கேட்டிருப்பாவா? இதற்கு விடை என்னிடம் இல்லாததால்தான் நாவல் கேட்கிறேன்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. மழையும் இருட்டும், நாவற்குழிப் பாலத்தில் நெரிசலும். ரீச்சரும் அந்தச் சனத்துக்குள் போனவ. 2002இல் பாதை திறந்த பிறகு நாங்கள் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை, நிலைகளும் இல்லை. ரீச்சர் வீட்டுக்குப் போனோம். விறாந்தையில் அந்த மெசின் இருந்தது. அவவின் மருமகள் அதில் சட்டை தைத்துக்கொண்டிருந்தா. “95இலை வெளிக்கிடேக்கை இதின்ரை தலையைச் சைக்கிளிலை கட்டி உருட்டிக்கொண்டு போனனாங்கள், கொடிகாமம் மட்டும்” என்றா ரீச்சர். அமானிதத்தைக் காப்பாற்றியதைச் சொன்னாவா, தங்களுடைய ஆகிவிட்டதைச் சொன்னாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உம்மா கேட்கவில்லை. ரீச்சர் கொண்டுபோங்கோ என்று சொல்லவும் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம். வானில் ஏறின பிறகு உம்மா ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

கஸ்ஸான் கனஃபானியின் ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ (1969) நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. 1948இல் குழந்தையையும் விட்டு ஓட நேர்ந்த பலஸ்தீனத் தம்பதியர், 1967 போருக்குப் பிறகு எல்லை திறந்ததும் தங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே மிரியம் என்ற யூதப் பெண் இருக்கிறாள். அவர்களுடைய மகன் அவளுடைய மகனாக, இஸ்ரேலிய இராணுவச் சீருடையில் வருகிறான். எங்கள் மேடைகளில் இந்தக் குறுநாவலைப் பலஸ்தீன இழப்பின் கதையாக மட்டுமே சொல்லுகிறோம். அதில் மிரியத்துக்குக் கனஃபானி கொடுத்த இடத்தைச் சொல்லுவதில்லை. செத்த அரபுக் குழந்தை ஒன்றை லொறிக்குள் எறிவதை அவள் கண்டவள். இந்த நாட்டில் இருக்கமாட்டேன், திரும்பிப் போவோம் என்று புருசனிடம் சொன்னவள். பிறகு வீடு கிடைத்தது, பிள்ளையும் கிடைத்தது, இருந்துவிட்டாள். அவள் கெட்டவள் அல்ல, கண்டும் இருந்துவிட்டவள். பறிகொடுத்தவன் அவளை எழுதினான், கண்ணியத்தோடு எழுதினான். அவளுடைய ‘ம்’மை அவன் விட்டுக்கொடுக்கவும் இல்லை, அவளை அரக்கியாக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் அந்தத் துணிவு இல்லாமல் போகவில்லை. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) கிழக்கைப் பற்றியது. தவக்குல் என்ற முஸ்லிம் பெண்ணோடு யோகா, தெய்வானை என்ற இரண்டு முன்னாள் பெண் போராளிகளின் வாழ்க்கையை அது சொல்கிறது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்ததை அறிந்த ஒரு மண்ணில் இருந்து, புலி உடுப்புப் போட்ட பெண்ணின் தனிமையை ஒரு முஸ்லிம் பெண் எழுதுவது சின்ன விசயம் அல்ல. நாவலில் சில இடங்கள் சமூகசேவை அறிக்கைபோல ஓடுவதும் உண்மை. ஆனால் இயக்கம் கைவிட்டு, ஊரும் ஏற்றுக்கொள்ளாத அந்தப் பெண்கள் என் மனதில் நின்றார்கள். எதிர்த்திசையில் இருந்து, யாழ்ப்பாணத்தில் இருந்து, அதே அளவு நேர்மையோடு ரீச்சரின் விறாந்தையை எழுத ஒருவர் வர வேண்டும். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லும் எழுத்து எனக்கு வேண்டாம். எல்லாரும் சமம், எல்லாருக்கும் வலி என்று முடிக்கும் எழுத்தும் வேண்டாம். பன்னிரண்டு வருடம் இன்னொருவரின் மெசினில் தைத்த பெண்ணின் இரவுகளை எழுத வேண்டும். அவவும் தனித்துத்தான் இருந்திருப்பா. காலியான ஒரு தெருவின் முனையில் பன்னிரண்டு வருடம் இருப்பது இலேசா?

இப்படிக் கேட்கிறபோது என் பக்கத்தையும் திறந்துதான் காட்ட வேண்டும். 2009 மே மாதம், புத்தளத்தில் இருந்தோம். போர் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு பங்கிட்டார்கள். எங்கள் தெருவுக்கும் தட்டு வந்தது. முள்ளிவாய்க்காலில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பகல் முழுக்க வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ரீச்சரின் சொந்தக்காரர் அந்தச் சனத்துக்குள் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. தட்டை நீட்டியவர் சிரித்துக்கொண்டு நின்றார், பின்னால் இன்னும் நாலைந்து பேர். எங்களுக்குச் செய்ததற்கு அல்லாஹ் கொடுத்தது என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரத்தில் மறுப்பது ஆபத்து என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை. உம்மா மட்டும் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டா. எனக்கு அப்போது முப்பத்திமூன்று வயது, ரீச்சர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதை விட அதிகம் குறைவில்லை.

நான் வாங்கினேன். “ம்” என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.